இலோக்கானோவும் கெச்சுவாவும் உறவு மொழிகளா? தமிழ் தெரிந்தவருக்கு எது எளிது?

உறவு இல்லை. இலோக்கானோ, பிலிப்பைன்ஸின் வடக்கு லூசோனைச் சேர்ந்த ஆஸ்ட்ரோனேசிய மொழி. டகாலோக், மலாய், மவோரி எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். கெச்சுவா, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மொழிக் குடும்பம். பெருவில் மட்டும் 2017 கணக்கெடுப்பில் 37 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள்.

உறவு உண்டென்று வாதிடுபவர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டுவருவார்கள்: பாலினேசிய மொழிகளில் 'குமரா', கெச்சுவாவிலும் ஏறக்குறைய அதே சொல். அது கடல் கடந்த கடன்சொல்லாக இருக்கலாம். ஆனால் பிலிப்பைன்ஸில் வழங்கும் 'கமோத்தே' மெக்சிகோவின் நாவாத் மொழிச் சொல், ஸ்பானியர் வழியாக வந்தது. ஆக, இந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே அந்த வாதம் செல்லாது. ஒலி ஒற்றுமையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 'அமா' போதும்: இலோக்கானோவில் அப்பா, கெச்சுவாவில் 'செய்யாதே'. 'இமா' முன்னதில் கை, பின்னதில் 'என்ன'. உண்மையில் பொதுவாக இருப்பவை ஸ்பானியச் சொற்கள்தான். பசுவுக்கான ஸ்பானியச் சொல் இலோக்கானோவில் 'பாகா' ஆனது, கெச்சுவாவில் 'வாகா' ஆனது.

எளிமை என்று பார்த்தால், தமிழருக்குக் கெச்சுவா. வினை கடைசியில் வரும், முன்னொட்டே கிடையாது, எல்லாம் பின்னொட்டு. 'வசி' வீடு, 'வசி-பி' வீட்டில், 'வசி-மன்' வீட்டுக்கு, 'வசி-மன்தா' வீட்டிலிருந்து, 'வசி-தா' வீட்டை. 'வசி-ய்-குன-மன்தா' என்றால் என் வீடுகளிலிருந்து. 'என்' மட்டும் உள்ளே புகுந்துகொண்டது, மற்றபடி நம் வரிசையேதான். அகராதியிலும் சிக்கல் இல்லை, வேர் முதலிலேயே நிற்கும்.

இலோக்கானோவில் வினைதான் முதலில் வரும். அதிலும் வேர் நடுவில் ஒளிந்திருக்கும். 'பாசா' படித்தல் என்றால், 'அக்பாசா' படிக்க, 'அக்பஸ்பாசா' படித்துக்கொண்டிருக்க, 'நக்பாசா' படித்தார். 'பினாசா'வில் 'இன்' வேருக்கு உள்ளேயே நுழைந்துவிடுகிறது. இதைப் பிரிக்கப் பழகாமல் அகராதியைத் திறந்தால் பாதிச் சொற்கள் கிடைக்காது.

எந்த ஒட்டு எப்போது என்பதில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், தமிழருக்கு மட்டும் ஒரு பிடி உண்டு. 'புத்தகம் படிக்கிறேன்' என்பதற்கும் 'புத்தகத்தைப் படிக்கிறேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். ஏதோ ஒரு புத்தகமானால் 'அக்பாசா-அக் இதி லிப்ரோ', குறிப்பிட்ட புத்தகமானால் 'பாசாஎக் தி லிப்ரோ'. நாம் பெயரில் 'ஐ' போட்டுக் காட்டுவதை அவர்கள் வினையை மாற்றிக் காட்டுகிறார்கள். முழு விதி இதைவிடப் பெரியது, ஆனால் தொடக்கத்துக்கு இது போதும்.

நாம், நாங்கள் வேறுபாடு இரண்டிலும் இருக்கிறது. கெச்சுவாவில் 'ஞொக்கன்ச்சிக்' நாம், 'ஞொக்கய்க்கு' நாங்கள். இலோக்கானோ ஒரு படி மேலே போய், நீயும் நானும் மட்டும் என்பதற்குத் தனி ஒட்டு வைத்திருக்கிறது: 'மபன்-தா' நாம் இருவரும் போவோம், 'மபன்-தாயோ' எல்லோரும் போவோம், 'மபன்-கமி' நாங்கள் போகிறோம், நீ இல்லை.

சுவையான இடம், 'பெய்யுதாம்' என்பதில் வரும் 'ஆம்'. மழை பெய்யுதாம் என்று கேள்விப்பட்டதைச் சொல்ல இலோக்கானோவில் 'அக்துத்துதோ கனோ'. பெய்யுதோ என்று ஐயமாகச் சொல்ல 'கனோ'வுக்குப் பதில் 'ஙாதா'. நம்மைப் போலவே, தேவைப்பட்டால் மட்டும் சேர்ப்பது. கெச்சுவாவில் (பெருவின் அயகுச்சோ பகுதி வழக்கு) இது மொழியின் முதுகெலும்பு: 'பரச்கன்-மி' பெய்கிறது, நானே அறிவேன், 'பரச்கன்-சி' பெய்கிறதாம், 'பரச்கன்-ச்சா' பெய்யும்போல. '-சி' தமிழருக்குத் தானாக வரும். பிழை '-மி'யில்தான் நேரும். பழகுபவர்கள் அதை எப்போதும் வினையிலேயே ஒட்டிவிடுவார்கள். அது நம் 'தான்' போல, அழுத்தம் விழும் சொல்லோடு போகும், 'தான்' அளவுக்குக் கடுமையில்லாமல்: 'லிமாமன்-மி ரினி', லிமாவுக்குப் போகிறேன். வாக்கியத்துக்கு ஒன்றே போதும்.

இன்னொரு ஒற்றுமையைப் பலர் கவனிப்பதில்லை. யார் யாரை என்பதை இரண்டு மொழியும் வினையிலேயே அடக்கும். கெச்சுவா: 'குயாய்கி' உன்னை நேசிக்கிறேன், 'குயாவன்கி' நீ என்னை, 'குயாவன்' அவர் என்னை. இலோக்கானோ: 'அய்-அயாதென்கா' உன்னை நேசிக்கிறேன். ஆனால் 'அய்-அயாதென்னாக்' நீ என்னையா, அவர் என்னையா என்பது இடத்தைப் பார்த்துத்தான் புரியும்.

ஒலிப்பில் தமிழருக்குக் கெச்சுவா கைகொடுக்காது, குறிப்பாகப் பெருவின் குஸ்கோ பகுதி வழக்கு. அங்கே 'தன்த்தா' என்பதில் முதல் ஒலி சாதாரணமாக இருந்தால் சேர்த்தல், மூச்சு கலந்தால் கந்தல், தொண்டையில் வெடித்தால் ரொட்டி. நம் எழுத்தில் மூன்றும் ஒன்றே. போதாததற்கு, மெல்லினத்துக்குப் பின் வல்லினத்தை இளக்கும் நம் பழக்கம் அதைத் 'தந்தா'வாக்கிவிடும். அயகுச்சோ வழக்கில் இந்த மூவகை இல்லை, அதனால் தொடங்குபவருக்கு அதுவே மேல்.

புத்தகம் வாங்கும்போது எந்த வழக்கு என்று பாருங்கள். 'கெச்சுவா' என்பது உண்மையில் ஒரு குடும்பத்தின் பெயர். அயகுச்சோவின் 'வசி-ய்' (என் வீடு) என்பதில் வரும் '-ய்'க்குப் பதில் பெருவின் அன்காஷ் பகுதியில் ஈற்றுயிர் நீளும், மற்றதும் மாறும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. எழுத்திலும் தகராறு உண்டு: பெரு அரசு 1985இல் அ, இ, உ என்ற மூன்று உயிர்களை ஏற்றது, குஸ்கோவின் கெச்சுவா மொழி அகாதமி ஐந்து வேண்டும் என்கிறது. ஒரே சொல் இரண்டு புத்தகத்தில் 'இ'யும் 'எ'யுமாக இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.