கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விமானம் எப்படிப் பறக்கிறது என்று சொல்லித் தருவது எப்படி?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பதாகவும், ஆய்வகம் இல்லை, மாதிரி விமானம் வாங்கப் பணமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே ரகம்தான். மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 19 வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். அதில் முதல் 15 வருஷம் இந்தப் பாடத்தைத் தப்பாகவே நடத்தினேன். அதனால் எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

இறக்கையின் குறுக்கு வெட்டுப் படத்தைப் பலகையில் வரைவேன். மேல்புறம் வளைவு, கீழ்ப்புறம் தட்டை. முன்விளிம்பில் இரண்டாகப் பிரிகிற காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் மறுபடி சேர வேண்டும். மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், அதனால் அது வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். ஆகவே இறக்கை மேலே எழும்பும். கேட்க அழகாக இருக்கும், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். யாரோ கைபேசியில் விமான சாகசம் காட்டியிருக்கிறார்கள். "சார், பிளேன் தலைகீழாப் பறக்குதே. அப்ப வளைவு கீழ வந்துடும்ல? ஏன் சார் விழல?" என்றாள்.

"அது போர் விமானம், அதோட அமைப்பு வேற" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், அது சமாளிப்பு. அன்று சாயங்காலம் வகுப்பறையைப் பூட்டும்போது தரையில் ஒரு காகித ராக்கெட் கிடந்தது. அதன் இறக்கை இரண்டு பக்கமும் தட்டை. ஆனாலும் பறக்கத்தானே செய்கிறது?

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பேபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டுச் செலுத்தி இதைப் படமாகவே காட்டியிருக்கிறார். மேலே போகிற புகை கீழே போகிற புகைக்காகக் காத்திருப்பதில்லை, முந்திக்கொண்டு பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். அதற்கு நாம் சொல்கிற காரணம்தான் பொய்.

அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் கொடுத்தது நான் இல்லை, ஒரு ட்ரோன். குறுவை நேரம். பள்ளிக்குப் பக்கத்து வயலில் மருந்தடிக்க ட்ரோனை வாடகைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். எங்கள் பகுதியில் இப்போது இது சாதாரணம். மதிய இடைவேளையில் பிள்ளைகள் எல்லோரும் வேலியோரம் நின்றார்கள், நானும் போய் நின்றேன். ட்ரோன் போகிற பாதையெல்லாம் பயிர் வட்டமாகப் படுத்துப் படுத்து எழுந்தது. அதே பெண் சொன்னாள், "அது காத்தக் கீழ தள்ளுது சார். அதான் மேல நிக்குது."

நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிடச் சுருக்கமாக நான் சொன்னதே இல்லை. விமானத்தின் இறக்கையும் செய்வது அதைத்தான். சாய்வாக வந்து, தன்னைத் தாண்டிப் போகிற காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி விடுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேல்புற வளைவு அந்தத் திருப்பத்தைச் சிக்கனமாகச் செய்ய உதவுகிறது, அவ்வளவே. தலைகீழாகப் பறக்கும் விமானி மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இறக்கை அப்போதும் காற்றைத் தரைப்பக்கம் தள்ளும்படி பார்த்துக்கொள்கிறார். சாகச விமானங்கள் பலவற்றில் இறக்கையின் இரு பக்கமும் ஒரே வளைவுதான். அப்படியானால் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னௌலி விதி தப்பா என்று கேட்டால், இல்லை. அழுத்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும், கீழே தள்ளிய காற்றை வைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். ஒரே கணக்கை இரண்டு பேரேட்டில் எழுதுவது மாதிரி. நடுநிலைப் பள்ளிக்கு 'தள்ளுதல்' போதும் என்பது என் கட்சி.

சரி, வகுப்புக்கு வருவோம். இப்போது நான் விமானத்தில் தொடங்குவதில்லை, காற்றின் எடையில் தொடங்குகிறேன். காற்றுக்கு எடை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள், நம்ப மாட்டார்கள். எங்கள் வகுப்பறை இருபதுக்கு இருபது அடி, உயரம் பத்தடி. கன மீட்டரில் ஏறத்தாழ 113. நம் ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 1.15 கிலோ வரும். பெருக்கினால் சுமார் 130 கிலோ. "இந்த அறையில இருக்கிற காத்து எவ்வளவு இருக்கும்?" என்று முதலில் கேட்டால் 'ஒரு கிலோ', 'கால் கிலோ' என்பார்கள். அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் இரண்டு மூட்டை நெல்லுக்கு மேல் என்று விடை வந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள்.

அதே மூட்டைக் கணக்கை விமானத்துக்கும் போடலாம். திருச்சிக்கு வருகிற ஏர்பஸ் ஏ320 ரக விமானம், முழுச் சுமையோடு கிளம்பும்போது 78 டன் வரை இருக்கும். 1300 மூட்டை. அதன் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 122 சதுர மீட்டர். வகுத்தால் ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்க வேண்டியது சுமார் 640 கிலோ, பத்து மூட்டைக்குக் கொஞ்சம் அதிகம். பயமாக இருக்கிறதா? நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒரு சதுர மீட்டரை 10 டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. இறக்கைக்கு மேலும் கீழும் அதில் நூற்றுக்கு ஆறு பங்கு வித்தியாசம் வந்தால் போதும், 1300 மூட்டையும் வானத்தில். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள்.

அடுத்தது பரீட்சை அட்டை. ஒரு பிள்ளையைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத வாய்க்கால் கரைச் சாலையில் நான் மிதிப்பேன். பிள்ளை அட்டையைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடிக்க வேண்டும். படுக்கையாக இருக்கும்வரை ஒன்றும் இல்லை. முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் அட்டை கையை மேலே இழுக்கும். இன்னும் நிமிர்த்தினால் மேலே இழுப்பது போய்ப் பின்னால் இழுக்கும். இறக்கைக்கும் ஏறத்தாழ 15 டிகிரிக்கு மேல் இதே கதிதான், காற்று மேல்புறத்தை விட்டுப் பிரிந்துவிடும், தூக்கு விசை சரிந்துவிடும். கையால் ஒரு தடவை இதை உணர்ந்த பிள்ளைக்குப் படம் வேண்டியதில்லை. இரண்டாம் சுற்று டிவிஎஸ் எக்ஸெல்லில். பிள்ளைக்கு ஹெல்மெட் உண்டு, வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது. சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகம். இழுப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு.

'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்பதை இந்த இடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். கஜாவைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் ஊரையும் விடவில்லை. இப்போது எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அப்போது ஐந்தாறு வயதுதான். ஆனாலும் தகரம் பறந்த கதை இல்லாத வீடு கிடையாது. வழக்கமான 25 கிலோமீட்டர் காற்று 100 ஆனால் வேகம் நான்கு மடங்கு, விசை பதினாறு மடங்கு. பத்துக்கு மூன்றடித் தகரம் ஒன்றின் மேல் உத்தேசமாக இரண்டு மூட்டை நெல்லின் எடை அளவுக்கு விசை. மேலே ஓடுகிற காற்று தகரத்தை உறிஞ்ச, கதவு வழியாகப் புகுந்த காற்று உள்ளிருந்து முட்ட, ஆணி என்ன செய்யும்? ஒரு பையன், "அப்ப எங்க வீட்டுக் கூரை இறக்கை ஆயிடுச்சா சார்?" என்றான். ஆமாம், ஆயிடுச்சு.

மூன்றாவது, ஏரி. ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறப்பதை விளக்கியதைப் பற்றிக் கலாம் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பலகையில் வரைந்ததோடு விடாமல் பிள்ளைகளை ராமேஸ்வரம் கடற்கரைக்கே அவர் கூட்டிப் போனார். எங்களுக்குக் கடற்கரை தூரம், வடுவூர் ஏரி பக்கம். மார்கழி, தை மாதங்களில் போனால் நாமக்கோழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சும்மா எழும்பாது. தண்ணீர் மேலேயே தபதபவென்று ஓடி, வேகம் சேர்ந்த பிறகுதான் கிளம்பும். உடம்பு கனம், இறக்கை சின்னது. அதற்கு ஓடுபாதை வேண்டும். கொக்குக்கு வேண்டாம். உடம்பு லேசு, இறக்கை அகலம், ஒரு எம்பில் காற்றில் ஏறிவிடும். அது இறங்குவதைப் பார்க்க ஏரிவரை போகவே வேண்டாம், டிராக்டர் உழுகிற எந்த வயலிலும் பார்க்கலாம். இறக்கையை விரித்து, நிமிர்த்தி, வாலை விசிறி, காலை முன்னால் நீட்டி, ஏறக்குறைய நின்றுபோய்த் தொப்பென்று இறங்கும். பரீட்சை அட்டை பின்னால் இழுத்ததே, அதைத்தான் கொக்கு பிரேக்காக வைத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே ஒரு வேனில் கூட்டிப்போனேன். உள்ளே விடவில்லை, தேவையும் படவில்லை. இறங்குகிற விமானத்தின் இறக்கையில் பின்பக்கத் தகடுகள் நீண்டு வளைந்து தொங்குவதைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் "கொக்கு!" என்று கத்தினார்கள். ஒருவன் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏன் புகை வருகிறது என்று கேட்டான். சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்த டயர் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற தரையைத் தொட்டால் தேயாமல் என்ன செய்யும்?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் 30 படைப்பிரிவு வந்ததிலிருந்து எங்களுக்கு இன்னொரு பாடமும் இலவசம். சத்தம் வந்த பக்கம் பார்த்தால் விமானம் இருக்காது, முன்னால் போயிருக்கும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கிறது. இடி மின்னலுக்கு எண்ணுகிற அதே எண்ணிக்கை.

ரைட் சகோதரர்களை நான் வகுப்பில் வைத்துச் சொல்வதில்லை. மைதானத்தில் கயிறு பிடித்து 120 அடி அளக்கச் சொல்வேன். 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் பறந்த முதல் தூரம் அவ்வளவுதான், 12 விநாடி. ஏ320 விமானத்தின் நீளம்கூட அதைவிட ஒரு மீட்டர் அதிகம். சைக்கிள் கடைக்காரர்கள் இருவரும் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு மரப்பெட்டியில் விசிறி வைத்துக் காற்றுச் சுரங்கம் செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்திருந்தார்கள் என்பதைக் கயிற்றின் அந்த முனையில் நின்று சொன்னால் காதில் விழும்.

கடைசியில் ஆளுக்கொரு கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாமல் மிதந்து போகிற விமானம். விளக்குமாற்று ஈர்க்குச்சி மூன்றைச் சேர்த்துக் கட்டினால் உடம்பு. டிபன் கடை தெர்மாகோல் தட்டில் 25 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலத்தில் இறக்கை, சின்னதாக ஒரு வால், ஒரு நிமிர்ந்த துடுப்பு. இறக்கையின் இரு நுனியும் நடுவைவிடக் கொஞ்சம் தூக்கி இருக்கட்டும், பக்கவாட்டில் சாயாது. மூக்கில் வாய்க்கால் களிமண். விரல் மேல் வைத்தால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிலைகொள்ள வேண்டும். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் களிமண் கூட்டுங்கள். நேராகக் குத்தினால் குறையுங்கள், அல்லது வாலின் பின்விளிம்பை மயிரிழை மேலே வளையுங்கள். இந்தத் திருத்தம்தான் பாடம். அதனால் முதல் நாளே நன்றாகப் பறந்த கிளைடர் வைத்திருக்கிற பிள்ளையிடம் களிமண்ணைப் பிய்த்துவிட்டு மறுபடி விடச் சொல்வேன். கொஞ்சம் கொடுமைதான்.

நேரம் முக்கியம். ஆடியில் வேண்டாம், எல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். தை அறுவடை முடிந்து, காலை எட்டு மணிக்குள், இலை அசையாத நேரம் சரி. ஒரு எச்சரிக்கை: அறுத்த வயல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள், தாள்களுக்கு நடுவே முளைத்திருக்கும். "வாத்தியாரே, பிளேன் விடுங்க, வேண்டாங்கல. கீழ பார்த்து விடுங்க" என்று வயல்காரர் கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஏரிக்கரைத் திடலில்தான் விடுகிறோம்.