களிம்பு பிடிக்காத வயர்லெஸ் செட்

உலோகத்தை அறவே தவிர்த்து மின்னணுக் கருவிகள் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கடலோரத்தில் குடியிருப்பவராகத்தான் இருக்க வேண்டும். உப்புக்காற்றுக்கு ஒரு நல்ல கருவியைப் பறிகொடுத்தவருக்கே இந்தக் கேள்வி தோன்றும். காசிமேட்டில் 19 ஆண்டுகளாக விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளையும், வேலை ஓய்ந்த நேரத்தில் டிவி ரிமோட்டுகளையும் பழுது பார்த்து வருகிறேன். படிப்பு ஐடிஐதான். அதைச் சொல்லி என்னை மடக்க நினைப்பவர்கள், களிம்பேறிய போர்டு ஒன்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஒரு படகு உரிமையாளர் ஒரே செட்டை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். திறந்து பார்த்தால் செம்புத் தடங்களின்மேல் பச்சை பூத்திருந்தது. "இன்னா தம்பி, ஈயத்த ஒழுங்கா வெச்சியா இல்லியா? துருப்புடிக்காத சாமானே உங்கிட்ட கெடையாதா?" என்றார். என் கைவேலையை நாலு பேர் முன்னால் குறை சொன்னது இன்றும் உறுத்துகிறது. "கீதுண்ணே" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு, ரிமோட்டின் ரப்பர் பட்டனைத் திருப்பிக் காட்டினேன். அதன் அடியில் உளுந்தளவு கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கும். அது கரி கலந்த ரப்பர். பட்டனை அழுத்தும்போது மின்சுற்றை இணைப்பது அதுதான். எத்தனை ஆண்டானாலும் அதில் களிம்பு ஏறாது.

சொன்ன வாயை மெய்ப்பிக்க, அன்றிரவு கரி மிகுந்த 8பி பென்சிலால் காகிதத்தில் 5 செ.மீ. நீளத்துக்குத் தடித்த கோடு ஒன்றை அழுத்தி அழுத்தி வரைந்து, 9 வோல்ட் பேட்டரியையும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றையும் அதன் வழியே இணைத்தேன். எரிந்தது, ஆனால் கடையின் விளக்கை அணைத்த பிறகுதான் எரிவதே தெரிந்தது. மீட்டர் வைத்தபோது அந்தக் கோடு ஏறக்குறைய 20 கிலோ ஓம் மின்தடை காட்டியது. அதே நீளச் செம்புக் கம்பிக்கு மீட்டர் முள் நேரே பூஜ்ஜியத்துக்கே போய்விடும். 25 வாட் வயர்லெஸ் செட் பேசும்போது 5 ஆம்பியருக்குமேல் இழுக்கும். அதை இந்தக் கோட்டின் வழியே அனுப்ப ஒரு லட்சம் வோல்ட் வேண்டும், அதற்குமுன் காகிதம் பற்றிக்கொள்ளும். எரிந்த எல்.இ.டி.யின் கால்களும் உலோகம்தானே என்று யாரேனும் கேட்பதற்குமுன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் இதைவிட நல்ல பொருள்கள் உண்டு. பாலிஅசெட்டிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் அயோடினைச் சேர்த்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று 1977இல் காட்டிய ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. டிரான்சிஸ்டரையே கரிமப் பொருள்களால், அதாவது கார்பன் சேர்மங்களால், செய்கிறார்கள். ஆனாலும் இன்றைய செல்பேசிகளின் ஓஎல்இடி திரையில் ஒளிவிடுவது கரிமப் பொருளாக இருந்தாலும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் முனைகளில் இண்டியமும் பிற உலோகங்களும் இருக்கின்றன.

ஆகவே என் பதில்: மிகக் குறைந்த மின்னோட்டம் போதுமான ஓர் உணரியையோ (சென்சார்), காகிதத்தில் அச்சிட்ட சிறு சுற்றையோ உலோகமின்றிச் செய்யலாம், வயர்லெஸ் செட்டைச் செய்ய முடியாது. எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கென்னவோ இடைஞ்சல் இணைப்பில்தான் இருக்கிறது. கம்பியைப் பற்றவைக்கும் ஈயம் கரியில் ஒட்டாது. கரிப்பசை கொண்டு ஒட்டலாம்தான், ஆனால் அலையில் ஓயாமல் அதிரும் படகில் அந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?

அந்தச் செட்டின் போர்டைத் துலக்கி, உலர்த்தி, முழுவதும் வார்னிஷ் பூசிக் கொடுத்தேன். அதன்பின் போர்டில் பச்சை வரவில்லை. ஆண்டெனா செருகும் முனையில் மட்டும் வார்னிஷ் பூச முடியாது, பூசினால் தொடர்பு விட்டுப்போகும். அதைச் சுரண்ட அந்தப் படகு உரிமையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் வருகிறார்; ஈயத்தைப் பற்றி இப்போது வாய் திறப்பதில்லை.