ராணுவத்துக்கு மோட்டார் கன்ட்ரோலர்: எந்த நிதி, என்ன சோதனை, யாருக்குக் காப்புரிமை?

கேள்வி: கோவையில் 14 பேர் வேலை செய்யும் சிறு தொழிற்கூடம் எங்களுடையது. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான மோட்டார் கன்ட்ரோலர் தயாரிக்கிறோம். பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியருடன் சேர்ந்து, ஆளில்லாத் தரை வண்டிக்கு ஒரு கன்ட்ரோலர் மாதிரி செய்திருக்கிறோம். ஆய்வகத்தில் நன்றாக ஓடுகிறது. ராணுவத்துக்குக் கொண்டுபோக யாரை அணுகுவது? மானியம் எவ்வளவு? காப்புரிமை யாருடையது?

பதில்: உங்களுக்குப் பொருந்தும் திட்டங்கள் இரண்டு.

முதலாவது ஐடெக்ஸ், பாதுகாப்புத் துறைக்கான புத்தாக்கத் திட்டம். பாதுகாப்பு அமைச்சகம் 2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த டிஃபெக்ஸ்போ பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கியது. முப்படைகள் தங்கள் தேவையைச் சவாலாக அறிவிக்கும். ஸ்டார்ட்அப், சிறு குறு நிறுவனம், தனிநபர் என யாரும் விண்ணப்பிக்கலாம். சாதாரணப் பிரிவில் 1.5 கோடி ரூபாய், பிரைம் பிரிவில் 10 கோடி, 2024இல் வந்த அதிதி என்ற துணைத் திட்டத்தில் 25 கோடி வரை மானியம் உண்டு. ஆனால் திட்டச் செலவில் பாதியை நீங்கள் போட வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி, சுருக்கமாக டிடிஎஃப். 50 கோடி வரையான திட்டங்களில் செலவில் 90 சதவீதம் வரை தருவார்கள். கல்லூரியைக் கூட்டாளியாகச் சேர்க்கலாம். அதன் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உருவாகும் அறிவுசார் சொத்து உங்களுக்கும் டிஆர்டிஓவுக்கும் கூட்டாகச் சேரும்.

உதாரணமாக 2 கோடி செலவு என்று வையுங்கள். ஐடெக்ஸில் உங்கள் கைப்பணம் ஒரு கோடி. டிடிஎஃபில் குறைந்தது 20 லட்சம். இதை மட்டும் பார்த்து டிடிஎஃபுக்கு ஓட வேண்டாம். இரண்டிலும் அறிவிக்கப்பட்ட தேவையோடு உங்கள் பொருள் பொருந்த வேண்டும். பொருந்துகிற அறிவிப்பு எதில் வருகிறதோ அதுதான் உங்கள் வழி. வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், நடப்பு அறிவிப்பைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் தொழில் புத்தாக்க மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விண்ணப்பம் எழுதும் முன் அங்கே போய்ப் பேசுங்கள்.

பணம் கட்டங் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்டம் முடிந்து, அதைச் சரிபார்த்த பிறகே அடுத்த தவணை. சிறு நிறுவனங்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான். 'மாதிரி திருப்திகரமாக இயங்கும்' என்று ஒரு கட்டத்தை எழுதினால், திருப்தி யாருக்கு என்ற விவாதத்திலேயே மாதங்கள் போகும். '28 வோல்ட், 40 ஆம்பியர், 55 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் தொடர் ஓட்டம்' என்று எழுதுங்கள். அளந்து காட்டினால் தீர்ந்தது.

இனி உங்கள் மாதிரிக்கு வருவோம். ஆய்வகத்தில் ஓடுவதற்கும் ராணுவ வண்டியில் ஓடுவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. வண்டியின் 28 வோல்ட் மின்சாரம் சுத்தமாக இருக்காது. அமெரிக்க ராணுவத்தின் மில்-ஸ்டாண்டர்ட் 1275 தரம், 100 வோல்ட் வரை எழும் 50 மில்லி செகண்ட் எழுச்சியையும் 250 வோல்ட் கூர்முனைகளையும் தாங்கச் சொல்கிறது. பேட்டரி 24 வோல்ட்தானே என்று 60 வோல்ட் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகம்) போட்டிருந்தால் முதல் சோதனையிலேயே போய்விடும். உள்ளே நுழையும் இடத்தில் எழுச்சியைத் தடுக்கும் சுற்று வேண்டும், அல்லது பாகங்களின் தாங்குதிறனைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது மின்காந்த இரைச்சல். மில்-ஸ்டாண்டர்ட் 461இல் சிஇ102 சோதனை மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சலை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். ஆர்இ102 காற்றில் பரவுவதை அளக்கும். மோட்டார் கன்ட்ரோலர்கள் அதிகம் தோற்பது இந்த இரண்டில்தான். மாஸ்ஃபெட் வேகமாகத் திறந்து மூடும்போது, மோட்டார் கேபிளுக்கும் உலோக உடலுக்கும் இடையிலுள்ள கொள்ளளவு வழியே மின்னோட்டம் கசிகிறது. கேபிளின் கவசத்தை, அதாவது மேலுள்ள உலோக வலையை, திரித்து ஒரே கம்பியாக்கித் திருகில் கட்டுவது நம் பட்டறைப் பழக்கம். உயர் அதிர்வெண்ணில் அந்தச் சிறு வாலே ஆன்டெனா ஆகிவிடும். கவசத்தைக் கனெக்டரின் சுற்றுவட்டம் முழுவதும் பிடிக்க வையுங்கள். ஃபில்டரைப் பெட்டியின் சுவரிலேயே பொருத்துங்கள். மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில் பெயின்ட் படக்கூடாது.

வெப்பம், குளிர், அதிர்வு, தூசி ஆகியவற்றுக்கு நம் முப்படைகளின் பொதுச் சோதனைத் தரமான ஜேஎஸ்எஸ் 55555 பார்க்கப்படும். எந்த வகை வண்டி என்பதைப் பொறுத்து அளவுகள் மாறுவதால், சோதனைத் திட்டத்தைப் பயனர் தரப்போடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீர் புகாத பெட்டிக்குள் விசிறி வைக்க முடியாது. சூடு உடல் வழியேதான் இறங்க வேண்டும். லடாக் குளிரில் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் கொள்ளளவு குறைந்து உள்தடை ஏறும், அதையும் கணக்கில் எடுங்கள். முறையான சோதனைக்குப் போகும் முன் சென்னை தரமணியிலுள்ள, மத்திய அரசின் சமீர் மையம் போன்ற ஓர் ஆய்வகத்தில் முன்னோட்டமாக அளந்து பாருங்கள். வடிவமைப்பு இறுதியாகும் முன் செலவழிக்கும் அந்த ஒரு நாள், பிறகு போர்டு மாற்றும் செலவை மிச்சப்படுத்தும். பாகங்கள் பட்டியலில் ஒவ்வொன்றும் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று ஒரு பத்தி சேருங்கள். சீனப் பாகங்களைப் பற்றிக் கேள்வி வரும்.

காப்புரிமை விஷயத்தில், பேராசிரியரை மட்டும் நம்பி வாய்மொழியாக இருந்துவிடாதீர்கள். அவர் கல்லூரி ஊழியர்; உரிமை கல்லூரிக்குப் போகலாம். விண்ணப்பத்துக்கு முன்பே கல்லூரி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். வேலை செய்த மாணவர்களிடமும், படிப்பை முடித்துப் போகும் முன், உரிமை மாற்றக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டு உரிமையாளர்கள் பற்றி நம் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்வது இது: வேறாக ஒப்பந்தம் இல்லையென்றால், ஒவ்வொருவரும் தாமே தயாரித்துப் பயன்பெறலாம், ஆனால் இன்னொருவருக்கு உரிமம் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். நாளை ஒரு பெரிய நிறுவனம் உரிமம் கேட்டால் கல்லூரியின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. உரிமம் தரும் அதிகாரம் யாருக்கு, வருமானம் எந்த விகிதத்தில் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க எழுத்துமூல அனுமதி வேண்டும், அல்லது முதலில் இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் கழிந்திருக்க வேண்டும், ரகசிய உத்தரவும் இருக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு; பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்பென்றால் அந்த அனுமதிக்கு மத்திய அரசின் சம்மதமும் தேவை. மீறினால் இந்திய விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகிவிடும்.

பேராசிரியர் மாநாட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தால், அது வெளியாகும் முன் தற்காலிக விவரணத்தோடு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கம்) இந்தியாவில் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். சிறு நிறுவனத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.