புலன் தருவதும் மனம் அறிவதும்: கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். புலன்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, பி.எட். பாடத்தில் புலன் உணர்ச்சி என்றும் புலக்காட்சி என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. இவற்றின் வேறுபாட்டை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில்: ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காதை வந்தடைவது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே; அது செவிப்பறையை அதிரச் செய்து, உட்செவியின் சுருள் வடிவப் பகுதியான காக்லியாவில் உள்ள மயிர்ச்செல்களால் நரம்புத் துடிப்பாக மாற்றப்படுகிறது. இதுவரை நடந்தது புலன் உணர்ச்சி. அவர் ஒரு சொல் பேசியதுமே ‘அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது’ என்று அறிந்துகொள்கிறீர்களே, அது புலக்காட்சி. அந்த அறிவு காற்றின் அதிர்வில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய மூளையும் அதற்குப் பங்களிக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு கண்ணிலும் பார்வையற்ற இடம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் நாம் காணும் காட்சியில் ஓட்டை ஏன் தெரிவதில்லை?

பதில்: பார்வை நரம்பின் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் ஒன்றுசேர்ந்து விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் 1660களில் இதைக் கண்டறிந்தார். நீங்களே செய்து பாருங்கள். ஒரு தாளில் இடப்புறம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலப்புறம் ஒரு கரும்புள்ளியும் இட்டு, இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்றுநோக்கியபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ. தொலைவில் புள்ளி மறைந்துவிடும். மறைந்த இடத்தில் நீங்கள் காண்பது இருட்டு அன்று, தாளின் வெண்மை. கோடு போட்ட தாளில் செய்தால் கோடு அறுபடாமல் ஓடுவதாகவே தோன்றும். கண் அனுப்பாத செய்தியைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: காரம் அறுசுவைகளில் ஒன்றுதானே? அறிவியல் அதை ஏன் சுவையில் சேர்ப்பதில்லை?

பதில்: நம் மரபு அதைச் சுவையாகக் கொண்டதில் தவறில்லை, உண்பவரின் அனுபவத்தை வைத்து அந்தப் பகுப்பு அமைந்தது. உடலியங்கியலோ எந்த நரம்பு வழியாகச் செய்தி போகிறது என்று பார்க்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின், சுவை அரும்புகளின் செல்களை அன்றி, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த முனைகளில் உள்ள புரதம் சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறக்கக்கூடியது. அதனால்தான் ஆறிப்போன காரக் குழம்பும் வாயைச் ‘சுடுகிறது’. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டனர். 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால், வாய் எரியும்போது பாலோ தயிரோ உதவும் அளவுக்குத் தண்ணீர் உதவாது.

கேள்வி: நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்தோமே, அது சரியா?

பதில்: சரியன்று. சுவை அரும்புகள் உள்ள எல்லாப் பகுதிகளாலும் எல்லாச் சுவைகளையும் உணர முடியும். உணர்திறனில் இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு இருப்பதாக 1901-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்று கூறியதைப் பின்வந்தவர்கள் மிகைப்படுத்தி வரைபடமாக்கிவிட்டார்கள்.

கேள்வி: சர்க்கரை நோயால் என் தந்தையாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்ந்தது. இல்லாத பாதத்தில் வலிக்கிறது என்று இரவில் அழுகிறார். இது மனப்பிரமையா?

பதில்: தயவுசெய்து அந்தச் சொல்லை அவர் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அவருக்கு வலிப்பது உண்மை. கால் நீங்கினாலும் அந்தக் காலுக்குரிய பகுதி மூளையில் அப்படியே இருக்கிறது. வெட்டுண்ட நரம்பு முனைகளும் செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த சைலஸ் வீர் மிட்செல், 1871-லேயே இதற்கு ஒரு பெயர் சூட்டி எழுதினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கண்ணாடியைக் கொண்டு ஒரு வழி கண்டார். எஞ்சிய உறுப்பின் பிம்பம் இழந்த உறுப்பின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி அசைக்கச் செய்தபோது, இழந்த உறுப்பே அசைவதாகச் சிலர் உணர்ந்தனர். அவர்களில் சிலருக்கு வலியும் தணிந்தது. எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. மருந்துகளும் உண்டு, ஆகவே வலி மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்குப் பின்னாளில் பார்வை கிடைத்தால் உடனே எல்லாம் புரியுமா? என் அக்காவின் ஐந்து மாதக் குழந்தையின் கண்மணி, கைப்பேசிப் படங்களில் வெண்மையாகத் தெரிவதால் கேட்கிறேன்.

பதில்: முதல் கேள்வியை 1688-இல் அயர்லாந்துக்காரரான வில்லியம் மாலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் கேட்டார்: தொட்டே உருண்டையையும் கனசதுரத்தையும் பிரித்தறிந்த ஒருவர், பார்வை பெற்றதும் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தின் வழியாக இந்தியாவில் அறுவை சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐவரிடம் இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்ததைப் பார்த்ததோடு அவர்களால் ஒப்பிட முடிந்தது. தொட்டதைப் பார்த்ததோடு பொருத்த முதலில் ஏறக்குறைய இயலவில்லை. ஆனால் மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் சில நாட்களிலேயே தேறியிருந்தார்கள். கண் திறந்த பிறகும் பார்க்கக் கற்க வேண்டியிருக்கிறது; மூளை அதைக் கற்கும் திறன் குழந்தைப் பருவத்தில்தான் மிக அதிகம். நுண்ணிய பார்வைத் திறன் தாமதத்தால் நிரந்தரமாகக் குறைந்துபோகிறது. ஆகவேதான் கண்மணியை முழுதும் மறைக்கும் பிறவிக் கண்புரைக்குப் பிறந்த இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்ய மருத்துவர்கள் முனைகிறார்கள்.

உங்கள் அக்கா குழந்தையின் கண்ணில் தெரியும் வெண்மை கண்புரையாக இருக்கலாம். மிகச் சில குழந்தைகளில் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவே. வேறு காரணங்களும் உண்டு. படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல், நாளையே குழந்தைகள் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அந்தப் படங்களையும் உடன் எடுத்துச் செல்லட்டும்.