நுகத்தடியில் நின்று எடுத்த போட்டோ: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

ஆல்ப்ஸ் பக்கம் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஜூன் முதல் வாரம் அலுவலக வேலையாக சுவிட்சர்லாந்தில் சூரிக் போகிறேன். நடுவில் ஒரு சனி, ஞாயிறு கிடைக்கிறது. கிரிண்டெல்வால்ட் என்ற மலையடி ஊரில் அறை போட்டுவிட்டேன். கூட வேலை பார்ப்பவர் போன வருடம் போய் வந்து, ‘யுங்ஃபிராவ் ஏறியாச்சு’ என்று போட்டோ காட்டினார். எனக்கும் ஒரு சிகரமாவது ஏறிவிட ஆசை. வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியிருக்கிறேன், நடப்பதில் பிரச்சினை இல்லை. தனியாகத்தான் போவேன். எந்தச் சிகரம் எனக்குச் சரிப்படும்? மேலே போகிற ரயிலுக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா? ஷூ, இன்ஷூரன்ஸ் என்று எதுவும் தனியாக வாங்க வேண்டுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் நண்பரின் போட்டோவை முடித்துவிடுவோம். அவர் யுங்ஃபிராவ் ஏறவில்லை. ரயில் போய் நிற்கிற இடத்தின் பெயர் யுங்ஃபிராவ்யோக். ஜெர்மனில் ‘யோக்’ என்றால் நுகத்தடி. இரண்டு மாடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற நுகம் மாதிரி, மோன்ஷ், யுங்ஃபிராவ் என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவில் தாழ்ந்து கிடக்கிற பனிமேடு அது. உயரம் 3454 மீட்டர். யுங்ஃபிராவின் உச்சி 4158 மீட்டர். மிச்சமிருக்கிற அந்த 700 மீட்டருக்குக் கயிறு வேண்டும், பனிக்கோடரி வேண்டும், ஷூவுக்கு அடியில் இரும்பு முள் கட்ட வேண்டும், பனியாற்றில் எங்கே பிளவு மூடிக்கிடக்கிறது என்று தெரிந்த வழிகாட்டி முன்னால் போக வேண்டும். 1811இலேயே ஆட்கள் ஏறிவிட்டார்கள், ரயில் வந்தது 1912இல். இதை நண்பரிடம் சொல்ல வேண்டாம், போட்டோ நல்ல போட்டோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, உங்களுக்குப் பிடிக்காத பதில். ஜூன் முதல் வாரத்தில் உங்களுக்கு அங்கே சிகரம் கிடையாது. வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியவரின் காலும் மூச்சும் தாங்கும், சந்தேகமே இல்லை. பனிதான் சிக்கல். அங்கே கயிறு கோடரி எதுவும் இல்லாமல், வெறும் காலடிப் பாதையிலேயே போய்ச் சேரக்கூடிய ஒரு நல்ல உச்சி உண்டு. ஃபவுல்ஹார்ன், 2681 மீட்டர். 1830களிலிருந்து அதன் தலையில் ஒரு விடுதிகூட இருக்கிறது. ஆனால் ஜூன் தொடக்கத்தில் அந்தப் பாதையின் மேல்பகுதி பெரும்பாலும் பனிக்கு அடியில் கிடக்கும். ஜூலையில் கேட்டிருந்தால் யோசிக்காமல் அங்கேதான் அனுப்பியிருப்பேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு ஜூனில் உங்களைப் போலத்தான் போனேன். கிரிண்டெல்வால்டிலிருந்து கேபிள் காரில் ஃபர்ஸ்ட் என்ற இடத்துக்கு ஏறி, அங்கிருந்து பாக்ஆல்ப்ஸே ஏரி வரை நடை. சுகமான பாதை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏரியில் பாதி உறைந்தும் பாதி உருகியும் கிடந்தது, எதிரே ஷ்ரெக்ஹார்ன் சிகரம், நான் பையில் இருந்த ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்துவிட்டேன், எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அப்புறம் ஃபவுல்ஹார்ன் பக்கம் ஏற ஆரம்பித்தால் முழங்கால் வரை பனியில் இறங்குகிறது. காலில் சாதாரண ஓட்டப்பயிற்சி ஷூ. எதிரே இரண்டு பாட்டிகள், எழுபது வயதாவது இருக்கும், இரு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார்கள். ஒருவர் கையால் கீழே காட்டி, ‘சுரூக்’ என்றார். திரும்பு என்று அர்த்தம், அகராதி தேவைப்படவில்லை.

திரும்பினேன். ஆனால் ஏரியில் உட்கார்ந்த கணக்கு அங்கே வந்து நின்றது. ஃபர்ஸ்ட் வந்து சேர்ந்தபோது கடைசி கேபிள் கார் போய்விட்டது. ஊருக்கு இறக்கம் 1100 மீட்டருக்கு மேல், நடந்தே இறங்கினேன். மறுநாள் விடுதிப் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கியவன் நான். ஏறுவது மூச்சைத்தான் பிடிக்கும், முழங்காலை வாங்குவது இறக்கம். வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடி எதற்குத் தருகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. அங்கே எல்லாப் பாதையிலும் மஞ்சள் பலகை இருக்கும், அதில் கிலோமீட்டர் போட்டிருக்காது, நேரம்தான் போட்டிருக்கும். இன்ன இடத்துக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம். நான் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன், ஆனால் அந்த நேரம் உட்காராமல் நடக்கிறவனுக்கு என்பது தெரியாது. சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்துக்குச் சேர்த்துப் போடுகிறார்கள். ரொட்டி தின்கிற நேரம், போட்டோ எடுக்கிற நேரம், மாடு வழிமறித்து நிற்கிற நேரம் எதுவும் அதில் இல்லை. நீங்கள் பலகையில் இருப்பதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பலகைகளில் எனக்கு ஒரு தனிப் பிரியம். சூரிக் பக்கத்து ஆசிரியர் ஒருவர், யோஹான் யாகோப் எஸ் என்று பெயர், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிளவுசன் கணவாய் வழியாக நடந்து போயிருக்கிறார். புதிதாய் வந்திருந்த மோட்டார் கார்கள் தூசியைக் கிளப்பி இவர்களை ஓரம் கட்டியிருக்கின்றன. நடக்கிறவனுக்கென்று தனியாக வழி வேண்டும் என்று மனுஷர் அதையே பிடித்துக்கொண்டார். 1934இல் அதற்கென ஒரு சங்கம் உருவாகி, அதே மஞ்சளில் பலகைகள் வந்தன. 1979இல் நடைபாதைகளை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்து, முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். இன்று அங்கே சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, அந்தச் சின்ன நாட்டில். நம்மூரில் ரோட்டோரம் நடக்க இடம் கேட்டால் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள், சரி, அது வேறு புலம்பல்.

நிறம் மட்டும் மனதில் வையுங்கள். வெறும் மஞ்சள் என்றால் யாரும் போகலாம். மஞ்சள் பலகையின் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால் மலைப்பாதை: செங்குத்து வரும், ஒற்றையடி வரும், நல்ல ஷூ வேண்டும். பாறைகளிலும் அதே கோடுகள் தீட்டியிருக்கும். நீலப் பலகை என்றால் நீங்களும் நானும் போகிற இடம் இல்லை.

சரி, உங்கள் இரண்டு நாளுக்கு என் யோசனை. சனிக்கிழமை கீழே, லாவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. சிகரம் கேட்டவனைப் பள்ளத்துக்கு அனுப்புகிறாரே என்று நினைக்க வேண்டாம். மேலே பனி உருகுகிற காலம் என்பதால், உங்கள் சிகரத்தைக் கெடுக்கிற அதே பனி அங்கே தண்ணீராய் வந்து விழுந்துகொண்டிருக்கும். ஸ்டவுப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர், பாதி வழியிலேயே காற்றில் தூளாகிவிடும். கொஞ்ச தூரம் நடந்தால் ட்ரும்மல்பாக், இது பாறைக்கு உள்ளேயே விழுகிற அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்றின் பனியாற்று நீரும் அந்த ஒரே இடுக்கில் இறங்குகிறது, விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே நின்றால் காதில் எதுவும் விழாது, மலையே நெஞ்சில் அதிர்கிற மாதிரி இருக்கும். ஸ்டெஷெல்பெர்க் வரை சமதளமான பாதை, இரண்டு மணி நேர நடை.

ஞாயிறு ஐகர். ஏறுவதற்கு இல்லை, அடியில் நடப்பதற்கு. ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து அல்பிக்ளென் வரை, 2320 மீட்டரிலிருந்து 1616க்கு இறங்குகிற பாதை, ஆறு கிலோமீட்டர். ஐகரின் வடக்குச் சுவர் உங்கள் தோளை உரசுகிற மாதிரி கூடவே வரும். பனியால் மூடியிருந்தால் அடம்பிடிக்காதீர்கள், அல்பிக்ளென் வரை ரயிலில் போய், அங்கிருந்து அண்ணாந்து பாருங்கள், போதும்.

பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். அந்தச் சுவருக்கு உள்ளேதான் நண்பர் போன ரயில் ஓடுகிறது. 1896இல் குடைய ஆரம்பித்து 16 வருடம் ஆனது, திட்டம் போட்ட அடோல்ஃப் கையர்-செல்லர் 1899லேயே இறந்துபோனார். குடைந்த கல்லை வெளியே தள்ள, சுவரில் ஆங்காங்கே ஓட்டை போட்டிருந்தார்கள். 1936 ஜூலையில் நான்கு இளைஞர்கள் அந்தச் சுவரில் ஏறப் போய் மாட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் இறந்துவிட, டோனி குர்ட்ஸ் என்பவர் மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டு உயிரோடு இருந்தார். மீட்புக்காரர்கள் ரயிலில் வந்து, அந்த ஓட்டை வழியாகத்தான் சுவருக்கு வெளியே வந்தார்கள். இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு இறங்கிய குர்ட்ஸுக்கு, மீட்க வந்தவர்களின் கையெட்டும் தூரத்துக்குச் சற்று மேலே, அந்த முடிச்சு இரும்பு வளையத்தில் சிக்கிக்கொண்டது. உறைந்த கையால் அதை இழுத்து விடமுடியவில்லை. அங்கேயே இறந்தார். இரண்டு வருடம் கழித்து, 1938இல், வேறு நான்கு பேர் சுவரை ஏறி முடித்தார்கள். நான் அந்தப் பாதையில் நடந்தபோது மேலே எங்கோ ரயில் போய்க்கொண்டிருக்கும், உள்ளே ஜனங்கள் சாக்லேட் தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ரயில் டிக்கெட் சாதாரணமாக 200 பிராங்கைத் தாண்டும். வானம் தெளிவாக இருந்தால் கொடுக்கலாம், அலெட்ச் பனியாறு 20 கிலோமீட்டருக்கு நீண்டு கிடப்பதை மேலிருந்து பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. காலையில் எழுந்ததும் மேலே இருக்கிற கேமராவின் நேரலையைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது பனி இல்லை, மேகம். பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

மேகம் பற்றி ஒரு ஆள் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். கிரிண்டெல்வால்ட் பேருந்து நிறுத்தத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார், யாழ்ப்பாணத்துக்காரர், ஹோட்டல் சமையலறையில் வேலை, வந்து இருபது வருடத்துக்கு மேல். ஐகர் தெரிகிற மாதிரி ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். “ஜன்னல் இருக்குது தம்பி. ஆனா மேகம் விலகிற நேரம் பாத்துத்தான் சனம் சாப்பிட வரும்” என்றார். ரயிலில் மேலே போயிருக்கிறீர்களா என்றால் சிரித்தார்.

மிச்சக் கேள்விகள். ஷூ வாங்குங்கள், கணுக்காலை மூடுகிறதாக, அடிப்பாகம் கரடுமுரடாக இருக்க வேண்டும், வாங்கிய கையோடு போகாமல் ஒரு மாதம் இங்கேயே போட்டு நடந்து பழக்குங்கள். இரண்டு தடி. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மலையில் ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள், அங்கே அது இலவசம் இல்லை. ஹெலிகாப்டர் மீட்புக்கு எண் 1414. கோடையில் பிற்பகலில் இடி மழை வரும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கன்றோடு நிற்கிற பசுவைச் சுற்றிப் போங்கள், நம்மூர்ப் பழக்கத்தில் தடவிக்கொடுக்கப் போகாதீர்கள், அங்கே மாடு முட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஊர்களில் மரத்தொட்டியில் குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும், குடிக்காதே என்று எழுதியிருந்தால் தவிர, குடிக்கலாம். கேபிள் காரின் கடைசி நேரத்தை மட்டும் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.