தொலைந்த கார் சாவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி வாசகர்: 2017-இல் வாங்கிய சின்ன கார். இருந்த ஒரே சாவியும் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் 22,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டு, பத்து நாள் ஆகும் என்கிறார்கள். ஒரு சாவிக்கு இவ்வளவா?

எஸ்டிமேட்டை மொத்தத் தொகையாக வாங்காமல் வரிவரியாகக் கேளுங்கள். சாவி, வெட்டுக்கூலி, கோடிங் (சாவியை வண்டியின் நினைவில் பதிவது) கட்டணம், லாக் செட் (வண்டியின் பூட்டுகள் மொத்தமும்), இம்மொபிலைசர் (பதியாத சாவிக்கு எஞ்சினை ஓடவிடாத) பெட்டி, 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று தனித்தனியாக வரும். இதில் சாவியின் பங்கு பெரும்பாலும் சிறியதுதான். தொகையை ஏற்றுவது லாக் செட்டும் இம்மொபிலைசரும்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் சிப்பை எழுப்பும். சிப் தன் குறியீட்டைச் சொல்லும். அது இம்மொபிலைசரின் நினைவில் பதிந்திருந்தால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போக அனுமதி கிடைக்கும். மாருதி வண்டிகளில் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஐகேட்ஸ்’ என்று பெயர். பழைய அம்பாசடர், பத்மினி காலத்தில் இதெல்லாம் இல்லை, இரும்பை வெட்டினால் வண்டி ஓடியது.

ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவது போடுவது எளிது. சிப் சாவி என்றால் வெளியில் சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய், ரிமோட்டோடு மடக்குச் சாவி என்றால் 3,500 முதல் 7,000. உங்களைப் போல எல்லாச் சாவியையும் தொலைத்துவிட்டால் கணக்கே வேறு. இம்மொபிலைசரின் ரகசிய எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும், அதன் பிறகுதான் புதுச் சாவியைப் பதிய முடியும். சில மாடல்களில் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் பெரும்பாலும் சேசிஸ் எண்ணை அனுப்பி, அதற்கேற்ற சாவி வந்து சேரும் வரை காத்திருப்பதுதான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “லாக் செட் மாற்றாமல் சாவி மட்டும் போட்டுத் தர முடியுமா?” உங்கள் சாவி பஸ்ஸில் விழுந்தது. எடுத்தவருக்கு அது எந்த வண்டி, எந்த ஊர் என்று தெரியாது. முடியும் என்றால் எஸ்டிமேட் பாதியாகக்கூடக் குறையலாம். வண்டி வாங்கியபோது சாவிக்கொத்தில் எண் பொறித்த சின்ன தகடு தொங்கியிருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். அந்த எண் இருந்தால் பூட்டைக் கழற்றாமலே சாவியை வெட்டிவிடலாம்.

ஆர்.சி., உரிமையாளரின் அடையாள அட்டை, இன்சூரன்ஸ் நகல் மூன்றும் கேட்பார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வர முடியாவிட்டால் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வண்டி அங்கே போயாக வேண்டும். சக்கரம் சுழலாமல் முழு வண்டியையும் மேடையில் ஏற்றிப் போகும் ரெக்கவரி வண்டியாகக் கூப்பிடுங்கள். ஸ்டியரிங் பூட்டியிருக்கும் காரைப் பின்பக்கம் தூக்கி முன்சக்கரத்தில் உருட்டி இழுத்தால், வளைவில் வண்டி திரும்பாமல் டயரும் ஸ்டியரிங் பாகங்களும் அடி வாங்கும்.

கோடிங் போடும் முன் வண்டியின் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நாள் நின்ற வண்டியில் மின்னழுத்தம் இறங்கியிருக்கலாம். பதிவு நடுவில் அறுந்தால் வண்டியின் கம்ப்யூட்டரே குழம்பிவிடும். சார்ஜரை மாட்டிக்கொண்டு வேலை செய்வதுதான் முறை.

சென்னை வாசகி: தெருமுனை சாவிக்காரர் 250 ரூபாய்க்கு டூப்ளிகேட் வெட்டிக் கொடுத்தார். கதவு திறக்கிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் நின்றுவிடுகிறது. வெட்டு சரியில்லையோ?

வெட்டு சரிதான். பூட்டில் முழுதாகத் திரும்புகிறதே. சாவியில் சிப் இல்லை, அவ்வளவுதான். மீட்டர் பலகையில் சாவிப் படமோ, பூட்டு போட்ட கார் படமோ மின்னும், கவனியுங்கள். சில வண்டிகளில் எஞ்சின் பிடித்து உடனே அணையும், சிலவற்றில் ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பிடிக்காது.

ஒரிஜினல் சாவியோடு, சிப் நகல் எடுக்கும் கருவி வைத்திருக்கும் சாவிக் கடைக்குப் போங்கள். பல சிப்களை அப்படியே நகலெடுக்கலாம், வண்டியைத் தொடவே வேண்டாம். நகலெடுக்க முடியாத வகை என்றால் வண்டியோடு ஸ்கேனரை இணைத்துப் புதிதாகப் பதிய வேண்டும். அப்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பல மாடல்களில், பதிவு நேரத்தில் காட்டாத சாவி நினைவிலிருந்து அழிந்துபோகும். புதியது வேலை செய்கிறது என்று சந்தோஷமாக வீடு திரும்பினால், பழையது செத்திருக்கும்.

ஒரிஜினல் சிப்பைக் கழற்றி ஸ்டியரிங் கவருக்குள் டேப் போட்டு ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி ஓடும், திருட்டுப் பாதுகாப்பு அன்றோடு போய்விடும். அந்த 250 ரூபாய்ச் சாவியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரிஜினல் சாவி வண்டிக்குள்ளே மாட்டிக்கொள்ளும் நாளில் கதவைத் திறக்க உதவும்.

கோவை வாசகர்: மடக்குச் சாவியின் கவர் உடைந்தது. 400 ரூபாய்க்குப் புதுக் கவர் வாங்கி, உள்ளே இருந்த போர்டையும் பேட்டரியையும் மாற்றிப் போட்டேன். ரிமோட் வேலை செய்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பழைய கவர் குப்பைக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் உடனே எடுங்கள். ரிமோட் போர்டு வேறு, இம்மொபிலைசர் சிப் வேறு. பல சாவிகளில் சிப், கவரின் ஒரு மூலையில் குழிக்குள் கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழலாகவோ செருகியிருக்கும். அது பழைய கவரிலேயே தங்கிவிட்டது. மெல்லிய கத்தியால் பக்கவாட்டிலிருந்து நெம்பி எடுங்கள். கண்ணாடிக் குழல் என்றால் அழுத்தவே கூடாது, விரிசல் விட்டால் புது சிப்தான். சில மாடல்களில் சிப் போர்டிலேயே இருக்கும். உங்களுடையது அப்படி இல்லை என்பது வண்டி ஸ்டார்ட் ஆகாததிலேயே தெரிகிறது.

மதுரை வாசகி: பட்டன் ஸ்டார்ட் வண்டி. சாவி கைப்பையில் இருந்தும் ‘சாவி இல்லை’ என்று காட்டுகிறது. புதுச் சாவிக்கு 14,000 ரூபாய் கேட்கிறார்கள்.

முதலில் 100 ரூபாய்க்குள் முடியுமா என்று பாருங்கள். ரிமோட்டின் நாணய பேட்டரி, பெரும்பாலும் சி.ஆர்.2032, இறங்கியிருக்கலாம். உங்களுடைய எண் பழைய பேட்டரியின் முதுகிலேயே இருக்கும். கழற்றும்போது ‘+’ எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி செத்த நிலையிலும் வண்டியை எடுக்க வழி உண்டு. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை இழுத்து எடுத்துக் கதவைத் திறங்கள். வழக்கம்போல் பிரேக்கையோ கிளட்சையோ மிதித்துக்கொண்டு, ரிமோட்டின் முனையாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். உள்ளே உள்ள சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, மிக அருகில் கொண்டுபோனால் வண்டி படித்துவிடும். சில மாடல்களில் ரிமோட்டை வைக்கும் இடம் கப் ஹோல்டரிலோ கன்சோலிலோ இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கைப்பேசியோடு ஒட்டி வைத்தாலும் இதே செய்தி வருவதுண்டு.

தஞ்சாவூர் வாசகர்: பை திருடு போனது. அதில் கார் சாவி, ஆர்.சி. நகல், வீட்டு முகவரி எல்லாம் இருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது.

இது மேலே சொன்ன பஸ் கதை இல்லை, இன்றே செயல்பட வேண்டியது. வண்டியை இடம் மாற்றுங்கள், அல்லது ஸ்டியரிங்கில் தனிப் பூட்டு போடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்குங்கள். சாவியும் பையில் இருந்தது என்று புகாரில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பிறகு, மீதமுள்ள சாவியோடு போய், தொலைந்ததை இம்மொபிலைசர் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அதன்பின் அந்தச் சாவியால் எஞ்சின் ஓடாது. ஆனாலும் அதன் இரும்பு கதவையும் டிக்கியையும் திறக்கும். அதனால் உங்கள் விஷயத்தில் லாக் செட் வீண் செலவில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் வண்டியே களவு போனால் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், வண்டியில் சாவியை விட்டுவிட்டுப் போனீர்களா என்ற சந்தேகத்தில் கிளைம் இழுபடும். அப்போது தேதியிட்ட இந்தக் கடிதமும் சி.எஸ்.ஆரும்தான் பேசும்.

ஈரோடு வாசகர்: சாவிக்கு இன்சூரன்ஸ் உண்டா?

‘கீ ரீப்ளேஸ்மென்ட்’ என்ற கூடுதல் கவர் இருக்கிறது. தனியே விற்பதில்லை, சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில்தான் சேர்க்க முடியும், மூன்றாம் நபர் பாலிசியில் கிடைக்காது. எத்தனை முறை கேட்கலாம், அதிகபட்சம் எவ்வளவு, லாக் செட் சேருமா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேய்ந்த சாவிக்குப் பணம் வராது. ‘ரோட் சைடு அசிஸ்டன்ஸ்’ இருந்தால் ரெக்கவரி வண்டிச் செலவாவது மிச்சமாகும்.

சேலம் வாசகர்: சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் ஈ.சி.எம். (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), இம்மொபிலைசர், சாவி மூன்றும் செட்டாகக் கிடைக்கிறதாமே?

கிடைக்கும், மாட்டினால் பல வண்டிகள் ஓடவும் செய்யும். பெட்டியின் பார்ட் எண் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. உள்ளே வேறொரு வண்டியின் சேசிஸ் எண் பதிந்திருக்கலாம் என்பதால் பின்னாளில் சர்வீஸ் சென்டர் ஸ்கேனரில் சிக்கல் வரும். அந்தப் பெட்டி திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பில் கொடுக்காத கடையில் வாங்கவே வேண்டாம். தனி ஸ்மார்ட் சாவியை மட்டும் பழையதாக வாங்குவது அநேகமாகத் தண்டம், பலவும் ஒரு வண்டியில் பதிந்த பிறகு இன்னொன்றை ஏற்பதில்லை.

நாகர்கோவில் வாசகி: ரிமோட் சாவி, சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போய்விட்டது.

அமுக்கிப் பார்க்காதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் காய வையுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. சிப் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

விழுப்புரம் வாசகர்: பழைய கார் பார்த்திருக்கிறேன். ஒரு சாவிதான் தருகிறார்கள்.

இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. ஸ்கேனர் போட்டால் எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்பதைப் பல மாடல்களில் காட்டும். இரண்டு என்று காட்டி ஒன்று மட்டும் கைக்கு வந்தால், மற்றதை அழித்துப் புதிது பதியும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் அந்தச் செலவு இன்னும் கூடும்.