துள்ளியவர் தரைக்கு வரவேண்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகள் கர்நாடக வயலின் கற்றவன். வேலை நிமித்தமாக பிரிஸ்டலில் இருக்கிறேன். இங்கே ஆங்கில நாட்டுப்புற நடனங்களுக்கு வாசிக்கும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். மெட்டுகள் சுலபமாகவே கைக்கு வந்துவிட்டன. ஆனால் ஹார்ன்பைப் என்னும் துள்ளல் நடன மெட்டை வாசித்தால் ‘ஓடுகிறாய்’ என்கிறார்கள். குறைத்தால் ‘இழுக்கிறது’ என்கிறார்கள். புத்தகத்தில் வேகம் குறிக்கப்படவில்லை. தட்டித் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் கருவியில் எந்த எண்ணை வைத்துக்கொள்வது? ஜிக் என்னும் இன்னொரு வகை நடன மெட்டை, அடிக்கு மூன்றெழுத்து விழும் திஸ்ர நடையாக நினைத்துக்கொண்டால் போதுமா?

ர.

அன்புள்ள ர.,

நடந்து ஆடும் நடனங்களுக்கு நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி என்று சொல்லிவிடலாம். ஹார்ன்பைப்புக்கு அப்படி ஓர் எண்ணைத் தந்தால் உங்களைக் கெடுத்தவன் ஆவேன். அது பெரும்பாலும் ஓர் அடி வைத்து, அதே காலில் ஒரு துள்ளு துள்ளும் ஆட்டம். பத்து சென்டிமீட்டர் எழும்பி மறுபடி தரைக்கு வர மொத்தம் ஏறத்தாழ 0.29 விநாடி ஆகும். இருபது சென்டிமீட்டர் என்றால் 0.4 விநாடி. நீங்கள் அவசரப்பட்டால் புவியீர்ப்பு அவசரப்படாது. ஆடுபவருக்கு வேறு வழியில்லை, துள்ளலை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குவார். ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில் நானும் இப்படி ஓட்டியிருக்கிறேன். மெட்டு முடிந்ததும் வயதான பெண்மணி ஒருவர் வந்து, “எங்களைக் கொஞ்சம் தரையில் இறங்க விடுங்கள்” என்றார்.

லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்ட் 1651இல் வெளியிட்ட நடனத் தொகுப்பிலும் மெட்டு இருக்கும், ஆடும் முறை இருக்கும், வேகம் இருக்காது. வாசிப்பவனுக்கு எதிரிலேயே கால்கள் இருந்தன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய தொகுப்புகளில் ஹார்ன்பைப் என்ற பெயரில் மூன்று அடிக் கணக்கில் வருபவை வேறு இனம். அவற்றை இந்தத் துள்ளலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

‘இழுக்கிறது’ என்ற புகார்தான் உங்கள் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். அது வேகத்தைப் பற்றியது அல்ல. நம் வயலினில் ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையைத் தொட்டபடியே போகும், வில்லை எடுக்க மனம் வராது. இங்கே வில்லை எடுக்க வேண்டும். சுரத்தைச் சற்று முன்னதாகவே முடித்து, அடுத்த அடிக்குமுன் ஒரு மயிரிழை வெளியை விடுங்கள். அந்த வெளியில்தான் கால் எழும்புகிறது. 1899 டிசம்பர் 26 அன்று ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டனில், மோரிஸ் என்னும் ஆங்கில நாட்டுப்புற ஆட்டம் ஆடியவர்களுக்குக் கான்செர்டினா என்ற சிறிய துருத்தி வாத்தியத்தை வாசித்தவர் வில்லியம் கிம்பர். அன்று அதைக் கேட்ட இசை ஆசிரியர் செசில் ஷார்ப் பின்னாளில் அந்த ஆட்டங்களைத் தேடித் தொகுக்கலானார். கிம்பரின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. இடக்கையின் ஒலிகளைக் கேளுங்கள், பிடித்தவுடன் விட்டுவிடுவார். அவர் தானே ஆடியவர்.

ஜிக் திஸ்ரம்தான், ஆனால் ‘தகிட’ மூன்றும் சமமாக விழுந்தால் சக்கரம்போல உருளுமே ஒழிய ஆளைத் தூக்காது. முதலெழுத்தைக் கொஞ்சம் நீட்டி, நடுவெழுத்தை ஒடுக்குங்கள். எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

சில மோரிஸ் ஆட்டங்களில் உயரத் தாவும் இடம் வந்ததும் மெட்டு ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு விரிந்துவிடும். காலப்பிரமாணம் பிசகக் கூடாது என்று பிரம்பால் அடிவாங்கி வளர்ந்த நமக்கு அது முதலில் பாவமாகவே தோன்றும். ஆட்டக்காரர் மேலே இருக்கும்வரை அடுத்த அடி காத்திருக்கிறது, அவ்வளவுதான். தாளைப் பார்த்து வாசித்தால் அதைப் பிடிக்கவே முடியாது. முழங்காலைப் பாருங்கள், மடங்கினால் தாவப்போகிறார்.

மெட்ரோனோம் வீட்டுப் பயிற்சிக்கு இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் இரண்டு ஹார்ன்பைப்புகளுக்கு நீங்களே ஆடுங்கள். மூச்சு வாங்கும்போதே அந்த மெட்டை வாயால் முனகிப் பாருங்கள். எந்த வேகத்தில் முனகுகிறீர்களோ, அதில் வாசியுங்கள்.